பிலிருபின் இறங்கியது, சரி. கல்லீரல் என்ன ஆயிற்று?

கேள்வி: கோவைப் பக்கம் ஒரு கல்லூரியில் உயிர்மருத்துவப் பொறியியல் இறுதியாண்டு படிக்கிறேன். நாங்கள் நான்கு பேர் சேர்ந்து, திடீர்க் கல்லீரல் செயலிழப்புக்கு டயாலிசிஸ் மாதிரி ஒரு கருவி செய்திருக்கிறோம். மருத்துவமனையிலிருந்து கேட்டு வாங்கிய, பயன்படுத்திய டயாலைசர் ஒன்று, தேங்காய்ச் சிரட்டையில் தயாரித்த ஆக்டிவேட்டட் கார்பன் 200 கிராம், ஒரு பெரிஸ்டால்டிக் பம்ப். ஒரு லிட்டர் சலைனில், காமாலையின் மஞ்சள் நிறப் பொருளான பிலிருபினைக் கலந்து 4 மணி நேரம் ஓட்டினோம். டெசிலிட்டருக்கு 20 மி.கி. இருந்தது 6 ஆக இறங்கிவிட்டது. இதைச் ‘செயற்கைக் கல்லீரல்’ என்று ரிப்போர்ட்டில் எழுதலாமா? நோயாளியின் வீட்டார் சம்மதித்தால் ஐசியூவில் ஒருவருக்குப் போட்டுப் பார்க்கலாம் என்கிறார் எங்கள் கைடு. கல்லீரல் செயலிழந்தவரின் ரத்தத்தைச் சுத்தம்செய்யும் மார்ஸ் போன்ற கருவிகள் வந்து இத்தனை வருடமாகியும் ஏன் எல்லா மருத்துவமனையிலும் இல்லை என்பதும் புரியவில்லை.

பதில்: அன்புள்ள மாணவிக்கு,

கைடு சொன்னதற்கு முதலில் பதில்: கூடாது. வீட்டார் கையெழுத்துப் போட்டாலும் கூடாது. 2017ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிகள் விதிகளின்படி, புதிய கருவியை மனிதரிடம் சோதிக்க மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் எம்டி-22 படிவத்தில் விண்ணப்பித்து, எம்டி-23 அனுமதி வாங்கவேண்டும். நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் ஆய்வைப் பதிந்திருக்கவேண்டும். சட்டத்தைத் தள்ளிவைத்தாலும் இன்னொன்று இருக்கிறது. ஐசியூவில் ஒருவருக்குப் போட்டு அவர் பிழைத்தாலும் இறந்தாலும், அதிலிருந்து உங்களுக்குத் தெரியவருவது எதுவுமில்லை. ஏன் என்பது கடைசியில் புரியும்.

இப்போது உங்கள் 20, 6 கணக்கைப் பார்ப்போம். டெசிலிட்டருக்கு 14 என்றால் ஒரு லிட்டரில் 140 மி.கி. அது எங்கே போயிற்று என்று பார்த்தீர்களா? கரியில்தான் போயிருக்கும் என்று வைத்துக்கொண்டீர்கள். எனக்கு மூன்று சந்தேகங்கள்.

பிலிருபின் நடுநிலை பிஎச்சில் தண்ணீரில் கரையாது. சலைனில் போட்டால் நுண்ணிய துகளாகப் பிரிந்து டியூபிலும் டயாலைசரின் இழைகளிலும் மஞ்சளாக ஒட்டிக்கொள்ளும். ஓட்டி முடித்த டியூபை வெள்ளைத் தாளின்மேல் வைத்துப் பாருங்கள், தெரியும். அடுத்தது வெளிச்சம். மஞ்சள் காமாலையோடு பிறந்த குழந்தையை நீல விளக்கடியில் படுக்கவைக்கிறோமே, அதே வேதிமாற்றம் உங்கள் மேசைமேல் ட்யூப்லைட் வெளிச்சத்திலும் நடக்கும். நான்கு மணி நேரம் சும்மா வைத்திருந்தாலே அளவு இறங்கும். மூன்றாவதுதான் பெரியது: உங்கள் கரைசலில் ஆல்புமின் என்ற ரத்தப் புரதம் இல்லை. நோயாளியின் ரத்தத்தில் பிலிருபின் தனியாக மிதப்பதில்லை, ஆல்புமினைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பிடிப்பில்லாமல் இருக்கும் பங்கு ஆயிரத்தில் ஒன்றுகூடத் தேறாது. ஆல்புமினின் மூலக்கூறு எடை சுமார் 66,000. சாதாரண டயாலைசர் சவ்வு அதை விடாது. அதனால்தான் சிறுநீரக டயாலிசிஸ் எத்தனை மணி நேரம் ஓட்டினாலும் காமாலை குறைவதில்லை. ஆல்புமின் இல்லாத கரைசலில் கரிக்குப் போட்டியே இல்லை. ரத்தத்தில் அது ஆல்புமினின் கையிலிருந்து பிடுங்கவேண்டும். இரண்டும் வேறு வேலை.

ஆகவே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். ஆல்புமின் விலை கூடியது என்பதால் பத்தில் ஒரு பங்கு அளவில் செய்தால் போதும். 60 கிலோ எடையுள்ளவருக்குப் பிளாஸ்மா, அதாவது அணுக்கள் நீங்கிய ரத்தத் திரவம், இரண்டரை முதல் மூன்று லிட்டர். நீங்கள் 300 மி.லி. எடுத்துக்கொள்ளுங்கள். கரியின் எடையையும் பம்ப் வேகத்தையும் அதே விகிதத்தில் குறையுங்கள். பிஎச் 7.4 உள்ள பாஸ்பேட் பஃபரில் 3 சதவீத மாட்டு ஆல்புமின், அதாவது 9 கிராம். பிலிருபின் 60 மி.கி. அதை 15 மி.லி. 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடில் முதலில் கரைத்து, ஆல்புமின் கரைசலைக் கலக்கிக்கொண்டே சொட்டுச் சொட்டாக விடுங்கள். பிறகு பிஎச்சைப் பார்த்துப் பார்த்து நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் 7.4க்குக் கொண்டுவாருங்கள். அவசரப்பட்டு ஒரே ஊற்றாக அமிலத்தை ஊற்றினால் அந்த இடத்தில் பிலிருபினும் பிரியும், ஆல்புமினும் கெடும். இந்தக் கணக்கில் ஒரு ஆல்புமினுக்கு முக்கால் பிலிருபின் வருகிறது. இது ஒன்றைத் தாண்டக்கூடாது. தாண்டினால் மிச்சம் தளர்வாகத் தொங்கிக்கொண்டிருக்கும், உங்கள் கரி திடீரென்று கெட்டிக்காரனாகிவிடும். பாத்திரம், டியூப் எல்லாவற்றையும் அலுமினியத் தாளால் சுற்றுங்கள். வெப்பம் 37 டிகிரி.

ஆல்புமின் வாங்கும்போது ஒரு கவனம். மருந்துக்கடையில் கிடைக்கும் 20 சதவீத மனித ஆல்புமினில், கெடாமலிருக்க ஆக்டனோயேட் உப்பும் அசிட்டைல் டிரிப்டோபேனும் சேர்த்திருப்பார்கள். அவை ஆல்புமினின் பிடிப்பிடங்களில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும். கொழுப்பமிலம் நீக்கிய ஆய்வகத் தரத்தில் ஒரு முறையும், மருந்துத் தரத்தில் ஒரு முறையும் ஓட்டினால் இரண்டும் ஒரே எண்ணைத் தராது. ரிப்போர்ட்டில் எதைப் பயன்படுத்தினீர்கள் என்று எழுதாவிட்டால் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை.

கூடவே கரி போடாத வெற்றுக் குழாயோடு ஒரு ஓட்டம், அதே இருட்டு, அதே 37 டிகிரி, அதே நேரம். இது இல்லாமல் எந்த முடிவையும் எழுதாதீர்கள். முடிவில் வரவு செலவு பார்க்கவேண்டும். 60 மி.கி. போட்டீர்கள். கடைசியில் கரைசலில் டெசிலிட்டருக்கு 14 என்றால் 42 மி.கி. மிச்சம். கரியைக் காரக் கரைசலில் ஊறவைத்து எடுத்தால் 11 மி.கி. வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 7 மி.கி. காணோம். வெற்று ஓட்டத்திலும் அதே 7 காணாமல் போனால் அது டியூபில் ஒட்டியதும் தானே சிதைந்ததும். உங்கள் கரியின் பெயரில் வரவேண்டியது 11 மட்டும்.

முதலையும் முடிவையும் மட்டும் அளப்பதும் போதாது. கரிக்கு முன்னும் பின்னும் மணிக்கொரு முறை மாதிரி எடுங்கள். முழு அளவுக் கருவியில் நிமிடத்துக்கு 150 மி.லி. ஓட்டம், உள்ளே போவது 20, வெளியே வருவது 18 என்றால், பத்தில் ஒரு பங்கு பிடிபடுகிறது. நிமிடத்துக்கு 15 மி.லி. சுத்தமாகிறது. மூன்றாம் மணியில் வெளியே 19.6 வந்தால் அது 3 மி.லி. ஆகிவிட்டது, அதாவது கரி நிரம்பிவிட்டது. சராசரியை மட்டும் எழுதினால் இந்தச் சரிவு மறைந்துவிடும். முழு ரத்தத்தில் ஓட்டும்போது ரத்த ஓட்டத்தை அல்ல, அதில் பிளாஸ்மாவின் பங்கை வைத்துக் கணக்கிடவேண்டும்.

பிலிருபின் மட்டும் பார்ப்பதும் சரியல்ல. கல்லீரல் செயலிழந்தவரின் மூளை வீங்குவதில் முதல் குற்றவாளி அம்மோனியா. அதன் மூலக்கூறு எடை 17, தண்ணீரில் கரையும், சாதாரண டயாலிசிஸே எடுத்துவிடும். ஆகையால் உங்கள் கருவி அம்மோனியாவைக் குறைத்தால், ‘இதைச் சாதாரண டயாலிசிஸ் செய்யாதா?’ என்ற கேள்விக்குப் பதில் தயாராக இருக்கவேண்டும். லிட்டருக்கு 200 மைக்ரோமோல் வேண்டுமென்றால் 300 மி.லி.க்கு அம்மோனியம் குளோரைடு 3.2 மி.கி. போதும். ரத்தத்தில் செய்யும்போது மாதிரியை ஐஸில் வைத்து உடனே பிளாஸ்மாவைப் பிரிக்கவேண்டும். மேசையில் அரை மணி நேரம் கிடந்தால் ரத்தமே அம்மோனியாவை உண்டாக்கும். கருவி வேலை செய்யவில்லை என்று வீணாகக் கவலைப்படுவீர்கள்.

அடுத்த படி ரத்தம். கரி ரத்தத்தை நேரடியாகத் தொட்டால் பிளேட்லெட் அதில் ஒட்டி இறங்கும், சிவப்பணு உடையும், பொடித்த கரித்துகள் ரத்தத்தோடு போய் நுரையீரல் நாளங்களை அடைக்கும். ரத்தத்தையே கரி வழியாக விடும் ஹீமோபெர்ஃப்யூஷன் முறையின் ஆரம்ப காலத்தில் இதையெல்லாம் பார்த்துத்தான் கரிக்கு மெல்லிய பாலிமர் பூச்சு கொடுத்தார்கள். கழுவிய தண்ணீர் கண்ணுக்குத் தெளிவாக இருப்பது போதாது. கடைசியாகக் கழுவிய ஒரு லிட்டரை 0.45 மைக்ரான் வெள்ளை வடிதாளில் வடித்து, நுண்ணோக்கியில் கறுப்புப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். சிவப்பணு உடைவது 2 சதவீதத்துக்குள் இருந்தால் சரி, 5ஐத் தாண்டினால் அந்தப் பொருளை விட்டுவிடுங்கள். கரி சர்க்கரையையும் பிடிக்கும், மருந்துகளையும் பிடிக்கும். கல்லீரல் செயலிழந்தவருக்கு ஏற்கெனவே சர்க்கரை தாழ்ந்துபோகும் ஆபத்து உண்டு. அவருக்குக் கொடுக்கும் ஆன்டிபயாட்டிக்கையும் பாரசிட்டமால் நஞ்சுக்கு முறிமருந்தான அசிட்டைல் சிஸ்டைனையும் உங்கள் கருவி வெளியேற்றிவிட்டால், நல்லது செய்யப் போய்க் கெடுதல் செய்ததாகும். எவ்வளவு போகிறது என்று அளந்து வைப்பது உங்கள் பொறுப்பு.

ரத்தம் உறைவது பற்றி ஒரு தப்பான எண்ணம் பலருக்கு இருக்கிறது. ரத்தம் உறையத் தாமதமாவதைக் காட்டும் ஐஎன்ஆர் 4 இருக்கிறதே, சர்க்யூட்டில் ஓடும் ரத்தம் உறையாது என்பார்கள். உறையும். உறையவைக்கும் புரதங்களோடு உறையாமல் காக்கும் புரதம் சி, ஆன்டித்ராம்பின் ஆகியவற்றையும் கல்லீரல்தான் செய்கிறது. இரண்டும் சேர்ந்தே குறைகின்றன. சர்க்யூட்டில் உறையாமலிருக்க சிட்ரேட் கொடுத்தால் அதைச் சிதைப்பதிலும் பெரும்பங்கு கல்லீரலுடையது. மொத்தக் கால்சியத்தை அயனிக் கால்சியத்தால் வகுத்து 2.5ஐத் தாண்டினால் சிட்ரேட் தேங்குகிறது என்று பொருள்.

விலங்குச் சோதனை உங்கள் ப்ராஜெக்டுக்கு எட்டாதது, ஆனாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பன்றியின் கல்லீரலுக்குப் போகும் ரத்தத்தை நிறுத்தியோ, பாரசிட்டமால் போன்ற நச்சைக் கொடுத்தோ செயலிழப்பை உண்டாக்குவார்கள். ரத்தத்தை நிறுத்தினால் கல்லீரல் மீண்டு வளரும் வாய்ப்பே கிடையாது. நச்சு கொடுத்தால் ஒரு பன்றி ஒரு நாளில் சாகும், இன்னொன்று எழுந்து நடக்கும். இதில் நுணுக்கமான பொறி வேறொன்று. ரத்தம் உடலுக்கு வெளியே டியூபில் சுற்றும்போது குளிர்கிறது. உடல் வெப்பம் இரண்டு மூன்று டிகிரி இறங்கினாலே மண்டைக்குள் அழுத்தம் குறையும். சர்க்யூட்டே இல்லாத பன்றியோடு ஒப்பிட்டால், கரி காப்பாற்றியதா, குளிர் காப்பாற்றியதா? கட்டுப்பாட்டுப் பன்றிக்கும் வெற்றுக் குழாயோடு அதே சர்க்யூட் ஓடவேண்டும். உங்கள் மேசையில் கரி போடாமல் ஓட்டச் சொன்னேனே, அதே விஷயம்தான்.

மார்ஸ் பற்றிக் கேட்டீர்கள். ஜெர்மனியின் ரோஸ்டாக் நகரில் 1990களில் உருவானது. நோயாளியின் ரத்தம் சவ்வின் ஒரு பக்கம் ஓடும். மறுபக்கம் 600 மி.லி. 20 சதவீத ஆல்புமின் சுற்றும், அதாவது 100 மி.லி. பாட்டில் ஆறு. நச்சு ஓர் ஆல்புமினிலிருந்து மற்ற ஆல்புமினுக்குத் தாவும். அந்த ஆல்புமினைக் கரிக் குழாயிலும் அயனி மாற்றுப் பிசின் குழாயிலும் விட்டுச் சுத்தம்செய்து திரும்ப ஓட்டுவார்கள். கரி ரத்தத்தைத் தொடுவதே இல்லை. உங்கள் வடிவமைப்பில் நான் மாற்றச் சொல்வதும் இதைத்தான். பிலிருபின் இறங்கும், பித்த அமிலம் இறங்கும், பலருக்கு மயக்கமும் கொஞ்சம் தெளியும். ஆள் பிழைக்கிறாரா?

பிரான்சில் 16 கல்லீரல் மாற்று அறுவை மையங்களில் 102 பேரை வைத்துப் பார்த்தார்கள். முடிவு 2013இல் வெளியானது. ஆறு மாதம் உயிரோடிருந்தவர்கள் மார்ஸ் குழுவில் 84.9 சதவீதம், வழக்கமான சிகிச்சையில் 75.5. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தற்செயலாகவே இவ்வளவு வித்தியாசம் வரக்கூடும் என்றது புள்ளியியல். காரணம் ஆய்விலேயே இருந்தது: சேர்த்த பிறகு மாற்றுக் கல்லீரல் கிடைக்க ஆன இடைநிலை நேரம் 16.2 மணி. 66 பேருக்கு மாற்று நடந்துவிட்டது. கருவி வேலை காட்டும் முன்பே புதுக் கல்லீரல் வந்துவிட்டால் எதைச் சோதிப்பது? அமெரிக்காவில் மார்ஸுக்கு நஞ்சேற்றத்துக்கும், நாள்பட்ட கல்லீரல் நோயில் வரும் மூளைக் குழப்பத்துக்கும்தான் அனுமதி உண்டு. மாற்று அறுவை வரைக்குமான பாலமாக அல்ல.

மற்ற கருவிகளின் கதையும் இதே வழிதான். லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் 1974இல் கரியை வைத்துச் சிகிச்சை செய்து பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் பிழைத்தபோது பெரிய நம்பிக்கை வந்தது. அதே மருத்துவமனை 1988இல் குலுக்கல் முறையில் பிரித்துப் பார்த்தது. கரி பெற்றவர், பெறாதவர் இருவரிலும் பிழைத்த விகிதம் ஏறக்குறைய ஒன்றுதான். நடுவில் முன்னேறியது ஐசியூ பராமரிப்பு. பிழைப்பதில் பெரிய வேறுபாட்டைக் காட்டியது நோயின் காரணம்: பாரசிட்டமால், ஹெபடைடிஸ் ஏ என்றால் பிழைப்பவர் அதிகம், காரணம் தெரியாதவற்றில் குறைவு. மனித ஈரல் புற்று செல்களை வளர்த்துச் செய்த இலாட் கருவியை 1996இல் அங்கேயே 24 பேரிடம் பார்த்தார்கள். இன்னும் பிழைக்க வாய்ப்புண்டு என்று கருதியவர்களில் கருவி பெற்றோர் 78 சதவீதம் பிழைத்தனர். கருவி பெறாதவர்கள்? 75 சதவீதம். கட்டுப்பாட்டுக் குழு மட்டும் இல்லாதிருந்தால் அந்த 78 எப்படிக் கொண்டாடப்பட்டிருக்கும் என்று யோசியுங்கள். பன்றி ஈரல் செல் வைத்த ஹெபட்அசிஸ்ட், 171 பேர், 2004: முப்பது நாளில் பிழைத்தவர் கருவியோடு 71 சதவீதம், இல்லாமல் 62. அதுவும் உறுதியாகவில்லை.

இப்போது ஐசியூவில் ஒருவருக்குப் போட்டுப் பார்ப்பது ஏன் பயனற்றது என்று சொல்லிவிடலாம். திடீர்க் கல்லீரல் செயலிழப்பில் எந்தக் கருவியும் இல்லாமலே கணிசமானோர் பிழைக்கிறார்கள், ஏனென்றால் கல்லீரல் மீண்டு வளரும். பிழைத்தவரைக் காட்டிக் கருவி காப்பாற்றியது என்று சொல்ல வழியே இல்லை. இரு குழுவாகப் பிரித்தாலும் எண்ணிக்கை வேண்டும். பிழைப்பவர் 50 சதவீதம் என்பதை 70 ஆக்கும் கருவி என்றாலே ஒரு குழுவுக்குச் சுமார் 90 பேர் வேண்டும். 48ஐ 59 ஆக்குவது என்றால் குழுவுக்கு 320 பேர். அபூர்வமான நோயில் இவ்வளவு பேரைச் சேர்க்க வருடங்களாகும்.

இதுவரை உயிர்க் கணக்கில் தேறியது பிளாஸ்மா மாற்று ஒன்றுதான், அதாவது நோயாளியின் பிளாஸ்மாவை எடுத்துவிட்டுக் கொடையாளர் பிளாஸ்மாவை ஏற்றுவது. டென்மார்க், இங்கிலாந்து, பின்லாந்து மூன்று நாடுகளில் 182 பேர், 2016இல் வெளியானது. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர்கள் பிளாஸ்மா மாற்றியவர்களில் 58.7 சதவீதம், மாற்றாதவர்களில் 47.8. மாற்று அறுவை நடந்தவர், நடக்காதவர் என்று பிரித்துக் கணக்கிட்டபோது வித்தியாசம் உறுதியானது. பலன் கிடைத்தது மாற்று அறுவை நடக்காதவர்களுக்கு. எடையில் 15 சதவீதம் பிளாஸ்மாவை மூன்று நாள் மாற்றினார்கள். 60 கிலோ ஆளுக்கு ஒரு நாளைக்கு 9 லிட்டர். ஒரு பை 200 மி.லி. என்றால் 45 பை, மூன்று நாளுக்கு 135. நம் ரத்த வங்கிகளில் இதைக் கேட்டுப் பாருங்கள்! அதனால்தான் டெல்லி ஐஎல்பிஎஸ் மருத்துவமனையில் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு பிளாஸ்மா அளவோடு, 40 பேரிடம் குலுக்கல் முறையில் சோதித்தார்கள். 21 நாளில் பிழைத்தவர் மாற்றியவர்களில் 75 சதவீதம், மாற்றாதவர்களில் 45. வேலூர் சிஎம்சியில் எலி பேஸ்ட் நச்சால் கல்லீரல் பாதித்து வருவோருக்கு இன்னும் குறைந்த அளவில் மாற்றிப் பதிவுசெய்திருக்கிறார்கள். அது குலுக்கல் ஆய்வு அல்ல, ஆனால் நம் மாநிலத்து நோய்க்கும் நம் கைக்கும் எட்டுகிற அளவு. இங்கே பலருக்குப் பதினாறு மணி நேரத்தில் மாற்றுக் கல்லீரல் கிடைப்பதில்லை. வருத்தமான விஷயம்தான், பிரெஞ்சு ஆய்வைக் குழப்பிய அந்தக் காரணம் இங்கே குறைவு என்பதும் உண்மை.

பிளாஸ்மா கொடுத்தால் ஐஎன்ஆர் இறங்கும். உறைபுரதத்தை வெளியிலிருந்து ஊற்றியதால் இறங்கியது, கல்லீரல் தேறியதால் அல்ல. பிலிருபினும் அப்படியே: கருவி எதைக் கழுவுகிறதோ அந்த எண்ணை வைத்துக் கருவிக்கு மார்க் போடக்கூடாது. கருவியை நிறுத்தினால் பிலிருபின் திசுக்களிலிருந்து மீண்டும் ரத்தத்துக்கு வந்து ஏறும்.

ரிப்போர்ட்டுக்குத் தலைப்பு: ‘ஆல்புமின் கரைசலிலிருந்து பிலிருபினைப் பிரிக்கும் சிரட்டைக் கரிக் குழாய்: ஆய்வக அளவீடு’. மார்க் குறையாது, தேர்வாளர் மடக்கவும் முடியாது. வெற்று ஓட்டமும் சேர்த்து ஒவ்வொன்றையும் மூன்று முறை செய்து, மூன்று எண்களையும் போடுங்கள். அந்தப் பழைய டயாலைசரை மட்டும் இன்றே கையுறை போட்டு எடுத்து, மருத்துவக் கழிவாக அந்த மருத்துவமனைக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள். அதைப் பயன்படுத்தியவருக்கு ஹெபடைடிஸ் பி, சி இருந்ததா என்று உங்களுக்குத் தெரியாது. புதிய டயாலைசர் ஒன்று வாங்குவது உங்கள் கரியின் செலவைவிடப் பெரிதாக இருந்தாலும் நான்கு பேரும் பங்கு போட்டு வாங்குங்கள்.